மூன்று வருஷம் எட்டு வயது

என் தங்கச்சி வீரம்மாவுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து எட்டு வயது. சிரிக்காதீர்கள், தோட்டத்துச் செக்றோலில் அப்படித்தான் இருந்தது. ஆட்களின் பெயரும் வயதும் பதிகிற அந்தப் பெரிய புத்தகத்தை வருஷத்துக்கு ஒரு தரம் கணக்கப்பிள்ளை தூக்கிக்கொண்டு நாங்கள் வரிசையாய்க் குடியிருந்த லயத்துக்கு வருவார். "இந்தப் புள்ளைக்கு என்னா வயசு?" என்பார். என் அம்மா வேலாயி கண்ணை இமைக்காமல், "எட்டு சாமி" என்பாள். மறு வருஷமும் எட்டு. அதற்கு மறு வருஷமும் எட்டு. மூன்றாந்தரம் கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ஏன் வேலாயி, ஒம் மகளுக்கு வயசு ஏற வழி தெரியலையா, இல்ல ஏற மனசில்லையா?" என்று கேட்டார். லயமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

நான் ராக்கம்மா, அவளுக்கு மூத்தவள். புசல்லாவைக் கடைவீதியிலிருந்து இரண்டு மைல் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா கறுப்பையா எங்களைத் துறையூர்ப் பக்கமிருந்து கண்டிச் சீமைக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தபோது எனக்கு ஐந்து வயது, அவளுக்கு மூன்று. ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? அம்மா அப்பா வாயால் சொல்வதுதான் வயது. கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அவருக்கென்று ஒரு அளவு இருந்தது. பிள்ளையைத் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்துவார். கொழுந்து மட்டத்துக்கு மேலே நெஞ்சு தெரிந்தால் வேலைக்கு ஆள், பேர் பதிந்துவிடுவார். தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எங்கள் தோட்டத்தில் வயதை வருஷத்தால் அளக்கவில்லை, செடியால் அளந்தார்கள்.

நான் சின்னதிலிருந்தே நெட்டை. ஒன்பது வயதில் என் நெஞ்சு செடிக்கு மேலே தெரிந்தது. பத்து வயதுக்குள் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக் கூடாதென்று சட்டம் வந்திருந்த காலம். அப்பா, "பன்னெண்டு முடிஞ்சிருச்சுங்க" என்றார். கணக்கப்பிள்ளை பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், ஒரு வாய்ச்சொல்லில் எனக்கு மூன்று வருஷம் ஏறிவிட்டது. அதுவரை நானும் வீரம்மாவும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் அவள் வாங்கில் இருந்தாள், நான் கூடையோடு மலையில் நின்றேன்.

வீரம்மா குட்டை. அதனால்தான் அம்மாவின் பொய் எடுபட்டது. செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தலைமயிர்தான் தெரியும். உண்மையில் பதினொன்று ஆகும்வரை எட்டிலேயே நின்று, பிறகுதான் செக்றோலில் அவளுக்கு வயது ஏறத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அவள் புசல்லாவை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய், இங்கிலீஷில் ஏழாம் வகுப்பு வரை படித்துவிட்டாள். பதின்மூன்றில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குப் பேர் பதிந்தார்கள். செக்றோலில் அப்போது பத்து. மறு வருஷம் பெரிய மனுஷியானாள். பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சடங்கா என்று கணக்கப்பிள்ளை கேட்கவில்லை. வந்து உட்கார்ந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவர், அந்த மரியாதையாவது வேண்டாமா!

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு கட்டில், ஒரு மருந்து அலுமாரி, மருந்து கொடுக்க ஒரு டிஸ்பென்சர் ஐயா. போத்தல் கழுவுவதும் துணி அவிப்பதும் அவள் வேலை. அவளைப் பற்றிச் சொல்வதென்றால், அவசரம் என்பதே தெரியாத பிறவி. ஒரு நாள் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டுக் கால் கிழிந்த ஒரு மனிதனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தம் ஆறாய்ப் போகிறது, எல்லோரும் கத்துகிறார்கள். இவள் சவுக்காரம் போட்டு விரல் விரலாய்க் கை கழுவிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஏடி, மனுஷன் சாகுறான், நீ என்னா கல்யாண வீட்டுக்கா போற?" என்று கத்தினேன். "அழுக்குக் கையோட தொட்டா அவருக்குத்தானே அக்கா கெடுதி" என்றாள். பிறகு வந்து அழுத்திப் பிடித்தாள், ரத்தம் நின்றது.

கீழ்நாட்டில் மலேரியா வந்து சனங்கள் ஊர் ஊராய்ச் செத்த பிறகு, 1936-ஆம் வருஷம், டிஸ்பென்சர் ஐயா பத்திரிகையில் ஒரு அறிவிப்பைப் படித்துக் காட்டினார். கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிக்கப் பெண்கள் வேண்டுமாம். பரீட்சை வைத்து எடுப்பார்களாம். பத்தொன்பது வயது முடிந்திருக்க வேண்டும், மணமாகியிருக்கக் கூடாது. வீரம்மா அன்று வீட்டுக்கு வந்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நான் எழுதப் போறேன்" என்றாள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் மாமன் மகன் ராஜலிங்கம் அவளுக்கென்று இருந்தான். குடிகாரனாக இருந்தாலாவது வேண்டாமென்று சொல்லலாம். அவனோ நல்ல பையன், அதுதான் தொல்லை. அப்பா இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு முடிவைச் சொன்னார். "ஒரே ஒரு தரம் எழுது. கெடைச்சா போ, நான் மறிக்கல. கெடைக்கலேன்னா தையில கல்யாணம். பொறவு கண்டி கிண்டின்னு வாயத் தொறக்கப்படாது." வீரம்மா தலையாட்டினாள்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. வாசிப்பு, சொல்வதெழுதல், கணக்கு, எல்லாம் இங்கிலீஷில். அதில் தேறினால் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். டிஸ்பென்சர் ஐயா ஒரு பழைய நர்ஸ் புத்தகம் கொடுத்தார். அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை. "அந்தப் பதினாறு பக்கத்துல உள்ள சீக்கு வந்தவன் ஒங்கிட்ட வந்தா செத்தான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

நான் கல்யாணமாகி அம்மா வீட்டுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இருந்தேன். கொழுந்து நிறுத்துப் போட்டு நான் வந்ததும், வெளிச்சம் போகுமுன் அவள் புத்தகத்தோடு வந்துவிடுவாள். புத்தகத்தை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் பார்க்காமல் ஒப்பிப்பாள். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் பிழை விட்டால் பிடித்துவிடுவேன். தெரிந்த பாடமென்றால் கூரைத் தகரத்தைப் பார்த்துச் சொல்வாள், தெரியாவிட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். "என் மூஞ்சியில என்னாடி எழுதியிருக்கு? திரும்பப் படி" என்று புத்தகத்தை நீட்டுவேன். எனக்கு இங்கிலீஷ் எப்படி வந்ததென்று அவள் ஒரு வாரம் குழம்பிப்போனாள்.

கட்டுப் போட்டுப் பழக ஒரு உடம்பு வேண்டும். அதுவும் நான்தான். பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, கை முறிந்ததென்று காய்ந்த தேயிலைக் கிளையை, மிலாறு விறகை, இரண்டு பக்கமும் வைத்துக் கட்டுவாள். தலை உடைந்ததென்று கண்ணை மட்டும் விட்டுவிட்டு முழுவதும் சுற்றுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கையும் தலையுமாய்க் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்த பக்கத்துக் காம்பராக்காரி, "ஐயோ, புருஷன் அடிச்சு மண்டையப் பொளந்துட்டானே!" என்று கூச்சல் போட்டுவிட்டாள். பாதி லயம் ஓடிவந்து என் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசியது. அவர் வாய் திறக்கிற ரகமே இல்லை, அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்றார். எனக்கோ வாய்க்கு மேலேயும் கட்டு. வீரம்மா சுருள் சுருளாய் அவிழ்த்து முடிக்கிறவரை அவருக்கு விமோசனம் இல்லை.

இப்படி இரண்டு மாதம் போனபின் விண்ணப்பப் பத்திரம் வந்தது. அதோடு வயதுக்குச் சாட்சியாய்த் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்ட கடிதம் சேர்க்க வேண்டும். வீரம்மா தோட்டத்து ஆபீசான கந்தோருக்குப் போனாள். கிளாக்கர் செக்றோலைப் புரட்டினார். வீரம்மா, பதினாறு. "பத்தொம்பது முடியணுமே புள்ள. மூணு வருஷம் கழிச்சு வா" என்று மூடிவிட்டார்.

வீடு வந்து, மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். நான் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வந்தேன், அப்போதும் அதே பக்கம். மூன்றாங் குடத்துக்கும் அதே பக்கம். மூன்று வருஷம் கழித்து அவள் எங்கே போவது? தையில் தாலி ஏறிவிடும், தாலி ஏறியவளை எடுக்க மாட்டார்கள். பத்திரம் கண்டிக்குப் போய்ச் சேரப் பதினொரு நாள்தான் இருந்தது.

அம்மா போய் உண்மையைச் சொன்னால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "தொரைக்கே பொய் சொன்னியான்னு பத்துச்சீட்டுக் குடுத்துட்டா?" என்றாள். பத்துச்சீட்டு என்பது குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு இறங்கச் சொல்கிற சீட்டு. அப்பா, "இவளோடத கிண்டுனா ராக்கம்மாவோடதும் வெளிய வரும். நான் கூட்டிச் சொன்னது, இவ கொறைச்சுச் சொன்னது, ரெண்டும் நாறும். சும்மா கெடங்க" என்றார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! பன்னிரண்டு வருஷமாய்க் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். "அவளுக்குச் சொன்ன பொய்ய எனக்கு ஏம்மா சொல்லல? நானும் ஒன் வயித்துலதானே பொறந்தேன்?"

அம்மா சுளகைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுடி" என்றாள்.

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நீ மொத நாள் மலையேறிட்டு வந்து சோத்துத் தட்டுல கையை வச்சபடியே தூங்கிட்ட. காலெல்லாம் அட்டை கடிச்சு ரத்தம். கழுவிவிட்டேன், நீ முழிக்கல. அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாய் வந்தால் மனுஷி என்ன செய்வாள்? நான் வெளியே போய் விறகு பிளந்தேன், தேவைக்கு மேலேயே பிளந்தேன். பிளந்து முடிந்தபோது, அம்மா போகாவிட்டால் நான் போவது என்று முடிவு செய்திருந்தேன்.

வெறும் வாயோடு போனால் கிளாக்கர் விரட்டிவிடுவார் என்று தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சுந்தரலிங்கத்திடம் போனேன். பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதுகிற புத்தகம் அவர் அலுமாரியில் இருந்தது. நாங்கள் சேர்ந்த காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் வயதைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் தூசு தட்டிப் புரட்டினார். ஒரு வருஷம் படித்த எழுத்து எனக்கு மறக்கவில்லை, கூட்டிக் கூட்டி நானே படித்தேன். 1923, தை மாதம். ராக்கம்மா, எட்டு. வீரம்மா, ஆறு. என் பெயருக்கு மேலே ஒரு கோடு போட்டு, 'வேலைக்குப் போய்விட்டாள்' என்று எழுதியிருந்தது. வாத்தியார் கணக்குப் போட்டார். அவளுக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. எனக்கு இருபத்தொன்று. செக்றோலில் இருபத்துநாலு என்றே கேட்டுக் கேட்டு, அதுதான் என் வயது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பகல் கொழுந்து நிறுத்தவுடன் கூடையோடேயே கந்தோருக்குப் போனேன். வாத்தியார் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு நாலடி பின்னால் வந்தார். கிளாக்கர், "இந்த நேரத்துல இங்க என்னா வேல?" என்று தொடங்கினார். உள்ளே இருந்து துரை, "என்னா சத்தம்?" என்று வந்துவிட்டார். எங்கள் துரை தமிழ் பேசுவார், பேசுவது எல்லாம் அதட்டுவது போலத்தான் இருக்கும்.

நான் படபடவென்று சொல்லிவிட்டேன். "ஒங்க புஸ்தகத்துல எனக்கு இருபத்திநாலுன்னு இருக்குங்க. எனக்கு இருபத்தொண்ணு. என் தங்கச்சிக்குப் பதினாறுன்னு இருக்கு. அவளுக்குப் பத்தொம்போது. ரெண்டும் பொய்யி."

"யார் பொய் சொன்னது?"

"எங்க அப்பா ஒண்ணு சொன்னாரு, அம்மா ஒண்ணு சொன்னாங்க. எழுதுனது ஒங்க ஆளு. அளந்தது தேயிலைச் செடி. எல்லாருந்தான் சாமி."

கிளாக்கர் இருமினார். துரை இரண்டு புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலை என் பெயரில் வைத்து, "அப்போ ஒன்பது வயசில் வேலை?" என்றார். "ஆமாங்க" என்றேன். கிளாக்கர் மெதுவாக ஏதோ இங்கிலீஷில் சொன்னார். துரை முகம் சிவந்தது. பத்து வயதுக்குள் பிள்ளையை வேலைக்கு எடுத்தது அவர் தோட்டம்தானே! எங்களுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அது அவர் தலையிலும் விடியும். சிவப்பு மையால் இரண்டு வயதையும் வெட்டித் திருத்தினார். பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதினார். செக்றோலில் இருந்த வயது பிழை, பள்ளிப் புத்தகத்தையும் தமக்கையின் வாக்குமூலத்தையும் பார்த்துத் திருத்தியிருக்கிறது என்று அதில் இருப்பதாக வாத்தியார் வெளியே வந்து சொன்னார்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பரீட்சையன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் நானும் அவளும் கண்டிக்குப் போனோம். டிஸ்பென்சர் ஐயாவின் பெண்சாதி சப்பாத்துக் கொடுத்திருந்தார். பெரிதாக இருந்ததால் வீரம்மா முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டிருந்தாள். கம்பளை தாண்டும்வரை அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பேராதனைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். "என்னாடி, மறந்துபோச்சா?" என்றேன். "இல்லக்கா, போதும்" என்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அறுபது பெண்களுக்குக் குறையாது. கவுண் போட்டவர்கள், குடை வைத்திருந்தவர்கள், தங்களுக்குள் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டவர்கள். தோட்டத்திலிருந்து வந்தவள் இவள் ஒருத்திதான். காலையில் எழுதினார்கள். நான் விறாந்தையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டுபோன ரொட்டியை அவள் வரட்டும் என்று தொடாமல் வைத்திருந்தேன். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஒருவர் வந்து தேறியவர்களின் பெயர்களை வாசித்தார். இருபது பேர் இருக்கும். முடிய இன்னும் இரண்டு பெயர் இருக்கும்போது "வீரம்மா கறுப்பையா" என்றார். அவள் வந்து, ரொட்டியைப் பாதியாய்ப் பிய்த்து எனக்குத் தந்து, மற்றதை நிதானமாய்த் தின்றாள்.

பகலுக்குப் பிறகு ஒவ்வொருத்தராய் உள்ளே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் போன வேகத்தில் வந்தார்கள். வீரம்மா போய் வெகுநேரமாயும் வரவில்லை. கதவு திறந்து ஒரு தமிழ் நர்ஸ் எட்டிப் பார்த்தார், யாழ்ப்பாணத்துக்காரி. "வீரம்மாவின்ர அக்கா நீங்களோ? மேட்ரன் வரச்சொல்லுறா" என்றார்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார மேட்ரன். கஞ்சி போட்ட தொப்பி. முன்னால் எங்கள் துரையின் கடிதம். வீரம்மா கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், முகத்தில் ரத்தம் இல்லை. மேட்ரன் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை வயசெண்டு கேக்கிறா" என்றார் நர்ஸ்.

"இருபத்தொண்ணு."

மேட்ரன் கடிதத்தை விரலால் தட்டினார். நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவ நம்பேல்லை. உங்களைப் பாத்தால் முப்பதுக்குக் குறையாதாம். உங்கட வயசு பொய்யெண்டால், நீங்கள் தங்கச்சிக்குச் சொன்ன வயசையும் எப்பிடி நம்பிறதெண்டு கேக்கிறா. திருத்தின வயசெண்டபடியால்தான் இந்த யோசினை."

இத்தனை பாடும் பட்டு, கடைசியில் என் மூஞ்சிதான் அவளுக்கு எதிராய்ச் சாட்சி சொல்கிறதா? இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தேன். விரல் நுனி எல்லாம் தேயிலைக் கறை ஏறிக் கறுப்பு, வெடிப்பு வெடிப்பாய்த் தோல். "நல்லாப் பாக்கச் சொல்லுங்க. ஒம்போது வயசுல மலையேறுன கை இது. வெயிலும் மழையும் மூஞ்சியில அடிச்சா முப்பதும் தெரியும், நாப்பதும் தெரியும். என் மூஞ்சியப் பாத்து என் தங்கச்சிக்கு வயசு எழுதாதீங்க!"

நர்ஸ் அதைச் சொல்லுமுன் வீரம்மா பேசத் தொடங்கினாள், இங்கிலீஷில். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். கூரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, மேட்ரனையே பார்த்துப் பேசினாள். என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பிறகு நர்ஸைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "அக்கா வெயிலுக்கை நிண்டவ, நான் நிழலுக்கை இருந்து படிச்சனான். அவவோட நானும் மலைக்குப் போயிருந்தால் என்னையும் முப்பதெண்டுதான் சொல்லியிருப்பியள். எங்கட வீட்டில ஒருத்திக்குத்தான் நிழல் கிடைச்சது, அது எனக்குக் கிடைச்சது எண்டு சொன்னவ" என்றார் நர்ஸ்.

மேட்ரன் எழுந்து வந்தார். என் கையைப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறக்கச் சொன்னார். மாட்டுச் சந்தையா இது என்று எனக்கு மூக்குக்கு மேலே கோபம். ஆனாலும் திறந்தேன். ஒரு சின்ன விளக்கை அடித்துக் கடைவாய் வரை பார்த்தார். வீரம்மாவையும் அப்படியே பார்த்தார். திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்து ஏதோ சொன்னபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"உங்களுக்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லு இப்பத்தான் முளைக்குதாம்" என்றார் நர்ஸ். "கையைப் பாத்தால் முப்பது, பல்லைப் பாத்தால் இருபது. பல்லைத்தான் நம்பிறாவாம்."

பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். நர்ஸ் சிரித்துவிட்டார். "தங்கச்சியை எடுத்தாச்சு. வாற மாசம் முதலாந் திகதி உடுப்புப் பெட்டியோட வரட்டாம்."

நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. கும்பிட்டேன் என்று வீரம்மா சொல்கிறாள். அழுதேன் என்றும் சொல்கிறாள். அதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

மார்க்கட்டுக்குப் பக்கத்தில் புசல்லாவை பஸ்ஸுக்கு நின்றோம். வீரம்மா சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மூன்று மாதமாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கே, அத்தனை சனத்துக்கு நடுவில், விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

"இப்ப என்னாடி? அதுதான் கெடைச்சிருச்சே!"

"அக்கா, ஒன் வருஷத்த எல்லாம் நான் தின்னுட்டேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அவளுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம், எனக்குக் கிடைக்காததில் எனக்கு வருத்தம், இரண்டும் நெஞ்சில் இருந்தன. என் முந்தானையால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தேன்.

"தின்னது தின்னுட்ட. செமிக்கிற வழியப் பாரு, கழுத" என்றேன்.

பஸ் வந்தது. அவளை முதலில் ஏற்றிவிட்டு நான் ஏறினேன்.